நீங்களே பில்ட் பண்ணி வச்ச ஓப்பன்சிவிய சிமேக் கண்டுக்கலையா? இப்படி பண்ணுங்க

ஓப்பன்சிவி படம், வீடியோவ அலசுற லைப்ரரி. சிமேக் ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய லைப்ரரிய தேடி பில்டுக்கு தயார் பண்ற டூல். உபுண்டு 24.04ல அதோட பேக்கேஜ் மேனேஜர் ஏபிடி வழியா ஓப்பன்சிவி போட்டா கிடைக்கிறது 4.6.0. நமக்கு வேண்டியது 4.10. சரின்னு சோர்ஸ இறக்கி, லேப்டாப் சூடாகுற வரைக்கும் பில்ட் ஓடவிட்டு, ஹோம் ஃபோல்டர்ல ஒரு ஓரமா இன்ஸ்டால் பண்ணியாச்சு. அப்புறம் நம்ம ப்ராஜெக்ட்டுக்கு வந்து சிமேக் ஓட்டுனா அது அந்த 4.10 பக்கம் எட்டிக்கூட பாக்காம நேரா பழைய 4.6.0வ எடுத்துக்கும், எரர் எதுவும் வராது, பில்டும் ஆயிடும், ப்ரோக்ராமும் ஓடும், ஆனா மாடல் மட்டும் லோட் ஆகாது, நம்ம மாடல்லதான் ஏதோ தப்புன்னு அதை நோண்டிட்டு இருப்போம். நான் அப்படி ஒரு முழு மத்தியானத்த விட்டுருக்கேன். காரணம் சிமேக் அவுட்புட்ல மேல ஓடிப்போன ஒரே ஒரு வரிய நான் படிக்கல, அது என்ன வரின்னு கீழ சொல்றேன்.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா ஒரு லைப்ரரிய தேடுறது ஒரு ஆள் இல்ல, மூணு பேர். கான்ஃபிகர் பண்றப்ப சிமேக் தேடுது. பில்ட் பண்றப்ப கம்பைலரும் லிங்க்கரும் தேடுது. ப்ரோக்ராம ஓட்டுறப்ப லைப்ரரிய மெமரில ஏத்துற லோடர் தனியா தேடுது. ஒருத்தர்கிட்ட சொன்ன வழி அடுத்தவருக்கு தானா போயிடும்னு நெனைக்கிற எடத்துலதான் எல்லாரும் மாட்டுறோம். அதனால எங்க பிரச்சனை வந்தாலும் இப்ப தேடுறது யாருன்னு முதல்ல பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

கமாண்ட எல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதிருக்கேன், டெர்மினல்ல அடிக்கிறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க. சிமேக்னு ஆரம்பிச்சு அண்டர்ஸ்கோர் போட்டு வர்ற பேர் எல்லாமே முழுக்க கேப்பிடல் லெட்டர். எஸ், பி, டி, யூன்னு வர்ற ஒத்தை எழுத்து ஆப்ஷனும் சிமேக்குக்கு கேப்பிடல்தான்.

மொதல்ல எங்க இன்ஸ்டால் பண்றோம்

ப்ரிஃபிக்ஸ், அதாவது இன்ஸ்டால் ஆகுற ஃபோல்டர், எதுவும் சொல்லலைன்னா /யூஎஸ்ஆர்/லோக்கல்ல போய் உக்காந்துக்கும். அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா நாளைக்கு 4.11 வேணும்னா ரெண்டும் அங்கயே கலந்து கெடக்கும், எந்த ஃபைல் எதோடதுன்னு பிரிச்சு எடுக்கவே முடியாது. /யூஎஸ்ஆர் உள்ளயே போட்டுடாதீங்க, அது ஏபிடியோட எடம், அதுமேல நாம எழுதுனா அடுத்த அப்டேட்ல யார் ஃபைல் ஜெயிக்கும்னே சொல்ல முடியாது. வெர்ஷனுக்கு ஒரு ஃபோல்டர்னு தனித்தனியா வச்சா வேணாங்கிறப்ப ஃபோல்டர தூக்கி போட்டா போதும், சூடோவே தேவையில்ல.

சிமேக் -எஸ் ஓப்பன்சிவி -பி ஓசிவி-பில்ட் -டி சிமேக்_பில்ட்_டைப்=ரிலீஸ் -டி சிமேக்_இன்ஸ்டால்_ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/லிப்ஸ்/ஓப்பன்சிவி-4.10
சிமேக் --பில்ட் ஓசிவி-பில்ட் -ஜே 4
சிமேக் --இன்ஸ்டால் ஓசிவி-பில்ட்

அந்த ஜே பக்கத்துல நம்பர் கண்டிப்பா போடுங்க. வெறும் ஜேன்னு விட்டா மேக்ங்கிற பில்ட் டூல் எத்தனை ஜாப் முடியுமோ அத்தனையையும் ஒரே நேரத்துல கெளப்பிடும், 8 ஜிபி ரேம் இருக்குற மெஷின் அப்படியே உறைஞ்சு போயிடும், மவுஸ் கூட நகராது.

பில்டுக்கு முன்னாடி இன்னொரு விஷயம். வீடியோ ஃபைல் திறக்கணும், இமேஜ விண்டோல காட்டணும்னா ஜிடிகே, எஃப்எஃப்எம்பெக் ரெண்டோட டெவ் பேக்கேஜும் மெஷின்ல ஏற்கனவே இருக்கணும். இல்லன்னா ஓப்பன்சிவி சத்தமில்லாம அதை விட்டுட்டு பில்ட் ஆயிடும், கடைசில இமேஜ விண்டோல காட்டுற ஐஎம்ஷோ ஃபங்ஷன கூப்பிட்டா இந்த ஃபங்ஷன் இம்ப்ளிமெண்ட் ஆகல, ஜிடிகே சப்போர்ட்டோட லைப்ரரிய திரும்ப பில்ட் பண்ணுன்னு சொல்லும். அப்ப பாத் தப்பா இருக்குமோன்னு தேட ஆரம்பிக்காதீங்க, பாத் சரியாதான் இருக்கும், லைப்ரரிதான் அரைகொறை. கான்ஃபிகர் முடியிறப்ப ஒரு நீளமான சம்மரி வரும்ல, அதுல ஜியுஐ, வீடியோ ஐஓ ரெண்டு பகுதியையும் படிச்சுட்டு அப்புறம் பில்ட ஆரம்பிங்க.

இப்ப நம்ம ப்ராஜெக்ட்

சிமேக்லிஸ்ட்ஸ் ஃபைல்ல ஃபைண்ட்_பேக்கேஜ் ஓப்பன்சிவி ரிக்வயர்டுன்னு ஒரு வரி இருக்கும். அதுக்கு நம்ம ஃபோல்டர இப்படி காட்டணும்:

சிமேக் -எஸ் . -பி பில்ட் -டி சிமேக்_ப்ரிஃபிக்ஸ்_பாத்=$ஹோம்/லிப்ஸ்/ஓப்பன்சிவி-4.10

இன்ஸ்டால் பண்றப்ப குடுத்த அதே ஃபோல்டர்தான், உள்ள இருக்குற லிப் ஃபோல்டர் இல்ல, இன்க்ளூட் ஃபோல்டரும் இல்ல. மேல இருக்குற ஃபோல்டர காட்டுனா உள்ள லிப்/சிமேக்/ஓப்பன்சிவி4 வரைக்கும் சிமேக்கே போய் ஓப்பன்சிவிகான்ஃபிக்.சிமேக்ங்கிற ஃபைல எடுத்துக்கும். ஹெட்டர் எங்க, லைப்ரரியோட எஸ்ஓ ஃபைல் எங்க, வெர்ஷன் என்னங்கிறது எல்லாம் அந்த ஃபைல்லதான் எழுதிருக்கு. ரெண்டு மூணு லைப்ரரி இருந்தா நடுவுல செமிகோலன் போட்டு சேக்கலாம், ஆனா முழுசையும் கோட்ஸ்குள்ள வைங்க, இல்லன்னா ஷெல் அந்த செமிகோலனோட கமாண்ட் முடிஞ்சதுன்னு எடுத்துக்கும்.

இன்னொரு வழி, நேரா அந்த கான்ஃபிக் ஃபைல் இருக்குற ஃபோல்டரையே சொல்றது. -டி ஓப்பன்சிவி_டிர்=$ஹோம்/லிப்ஸ்/ஓப்பன்சிவி-4.10/லிப்/சிமேக்/ஓப்பன்சிவி4 அப்படின்னு. ஒரே ஒரு லைப்ரரிய மட்டும் மாத்தணும்னா இது பளிச்சுனு வேலை செய்யும். ஆனா எழுத்துல கவனமா இருங்க, ஓ கேப்பிடல், பென் மூணும் சின்னது, சிவி கேப்பிடல், டிர் முழுக்க கேப்பிடல். ஒரு எழுத்து மாறுனாலும் சிமேக்குக்கு அது வேற வேரியபிள், எரர் போடாது. கடைசில மட்டும் நீங்க குடுத்த இந்த வேரியபிள் இந்த ப்ராஜெக்ட்ல யூஸ் ஆகலன்னு ஒரு வார்னிங் வரும். அந்த வார்னிங் வந்துச்சுன்னா முதல்ல ஸ்பெல்லிங்க பாருங்க.

அப்புறம் நான் சொன்ன அந்த வரி. கான்ஃபிகர் ஓடுறப்ப ஃபவுண்ட் ஓப்பன்சிவின்னு ஒண்ணு வரும், பக்கத்துல ஒரு பாத், அதுக்கும் பக்கத்துல வெர்ஷன். அங்க /யூஎஸ்ஆர், 4.6.0ன்னு இருந்தா உங்க பாத்த அது எடுக்கல, அதோட நிறுத்துங்க, பில்டுக்கே போகாதீங்க. உங்க ஹோம் ஃபோல்டர் பாத்தும் 4.10.0வும் இருந்தாதான் அடுத்த படி. கண்ணால பாக்குறத நம்பாம இருக்கணும்னா ஃபைண்ட்_பேக்கேஜ்லயே ஓப்பன்சிவிக்கு அடுத்து 4.10ன்னு வெர்ஷன எழுதிடுங்க, இப்ப பழசு மாட்டுனா சிமேக்கே நின்னுடும், இந்த ஃபைல பாத்தேன், வெர்ஷன் 4.6.0, ஒத்துக்கலன்னு பாத்தோட சொல்லும். எல்லா ப்ராஜெக்ட்லயும் நான் இப்ப இப்படித்தான் எழுதுறேன்.

சொன்னாலும் கேக்கலைன்னா

முதல் காரணம் கேஷ். பத்துல எட்டு தடவை இதுதான். நீங்க மொதல் தடவை பாத் குடுக்காம சிமேக் ஓட்டிருப்பீங்க, அப்ப அது /யூஎஸ்ஆர் உள்ள இருக்குறத கண்டுபிடிச்சு பில்ட் ஃபோல்டர்ல சிமேக்கேஷ் டெக்ஸ்ட் ஃபைல்ல ஓப்பன்சிவி_டிர்னு எழுதி வச்சிடும். அடுத்த தடவை நீங்க ப்ரிஃபிக்ஸ் பாத் குடுத்தாலும் அது தேடவே தேடாது, ஏன்னா விடைதான் ஏற்கனவே கையில இருக்கே. கிரெப் போட்டு பாத்தா தெரிஞ்சிடும்:

கிரெப் ஓப்பன்சிவி_டிர் பில்ட்/சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி

பழைய பாத் இருந்தா அந்த ஒரு வேரியபிள மட்டும் -யூ ஓப்பன்சிவி_டிர்னு குடுத்து அழிக்கலாம், இல்லன்னா பில்ட் ஃபோல்டரையே தூக்கிட்டு புதுசா ஓட்டலாம். சிமேக் 3.24லேந்து --ஃப்ரெஷ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, கேஷ கழுவிட்டு முதல்லேந்து தேடும். உபுண்டு 24.04ல சிமேக் 3.28 வருது, அதுல ஓடும், 22.04ல இருக்குற 3.22ல ஓடாது, அங்க ஃபோல்டர அழிக்கிறதுதான் வழி.

ரெண்டாவது காரணம் டில்டா. ஹோம் ஃபோல்டருக்கு நாம பழக்கத்துல ~/லிப்ஸ்னு அடிப்போம். தனியா அடிச்சா பேஷ் அதை முழு பாத்தா மாத்தும், ஆனா மைனஸ் டியையும் வேரியபிள் பேரையும் இடைவெளி விடாம ஒட்டி எழுதி, ஈக்வல் சைனுக்கு அப்புறம் டில்டா வந்தா மாத்தாது, அந்த நெளிகோடு அப்படியே சிமேக்குக்கு போகும். ப்ரிஃபிக்ஸ் பாத்ல இல்லாத ஃபோல்டர் இருந்தா சிமேக் புகார் சொல்லாது, தாண்டி போய் /யூஎஸ்ஆர்ல இருக்குறத எடுத்துக்கும். அதனாலதான் மேல எல்லா எடத்துலயும் $ஹோம்னு எழுதிருக்கேன். இதை கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம், ஏன்னா படிச்சு பாத்தா கமாண்ட் சரியா இருக்குற மாதிரியே இருக்கும்.

மூணாவது காண்டா, பைத்தான் பேக்கேஜ்கள தனித்தனி என்விரான்மெண்டா வைக்கிற டூல். டெர்மினல்ல காண்டா என்விரான்மெண்ட் ஆன்ல இருந்தா ப்ரோக்ராம் எல்லாம் இருக்குற அதோட பின் (பிஐஎன்) ஃபோல்டர் பாத் வேரியபிள்ல முன்னாடி நிக்கும். சிமேக் பாத் வேரியபிள்ல இருக்குற ஒவ்வொரு பின் ஃபோல்டருக்கும் ஒரு படி மேல ஏறி அங்கயும் லைப்ரரி இருக்கான்னு பாக்கும், அது பக் இல்ல, டிசைனே அப்படித்தான். அதனால நீங்க பைத்தான் வேலைக்கு வச்சிருக்குற ஓப்பன்சிவி இங்க வந்து மாட்டும். ஃபவுண்ட் வரில மினிகாண்டான்னு பாத்தீங்கன்னா டீஆக்டிவேட் பண்ணிட்டு, கேஷ அழிச்சிட்டு, திரும்ப ஓட்டுங்க. நீங்க ப்ரிஃபிக்ஸ் பாத்த சரியா குடுத்துருந்தா அதுதான் முன்னாடி வரும், ஆனா உங்க லைப்ரரி நம்பி இருக்குற ஜெட்லிப், பிஎன்ஜி மாதிரி குட்டி குட்டி லைப்ரரி அங்கேந்து வந்து ஒட்டிக்க வாய்ப்பு இருக்கு, அதனால சி ப்ளஸ் ப்ளஸ் பில்டுக்கு காண்டா இல்லாத டெர்மினல் ஒண்ண தனியா வச்சுக்கிறது நல்லது.

இதுவும் இல்லன்னா --டிபக்-ஃபைண்ட் போட்டு ஓட்டுங்க, 3.17லேந்து இருக்கு. எந்தெந்த ஃபோல்டர எந்த வரிசைல தேடுச்சுன்னு ஒண்ணு விடாம கொட்டும். பக்கம் பக்கமா வரும், பயப்படாதீங்க, ஒரு ஃபைல்ல போட்டுட்டு உங்க ஃபோல்டர் பேர தேடுங்க. பேரே இல்லன்னா நீங்க குடுத்த பாத் சிமேக்குக்கு போய் சேரவே இல்ல. பேர் இருந்தும் எடுக்கலைன்னா அந்த ஃபோல்டர்ல கான்ஃபிக் ஃபைல் இல்ல, இல்ல வெர்ஷன் ஒத்துவரல.

எல்லா லைப்ரரியும் இப்படி கான்ஃபிக் ஃபைலோட வராது. ஓப்பன்எஸ்எஸ்எல் எடுத்துக்கிட்டா சிமேக்கே தன்கூட ஒரு ஃபைண்ட்ஓப்பன்எஸ்எஸ்எல் ஃபைல வச்சிருக்கு, அது ஓப்பன்எஸ்எஸ்எல்_ரூட்_டிர்னு முழுக்க கேப்பிடல்ல ஒரு வேரியபிள பாக்கும், இன்ஸ்டால் பண்ண மேல் ஃபோல்டர அதுல குடுக்கணும். ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வெர்ஷன 64 பிட் லினக்ஸ்ல நாமளா பில்ட் பண்ணா லிப் ஃபோல்டர்ல போகாது, லிப்64ல போகும், கையால பாத் குடுக்குறவங்க அங்க தவறுறாங்க. பொதுவா சிமேக் 3.12லேந்து பேக்கேஜ் பேர் கூட _ரூட் சேத்து குடுத்தா எந்த லைப்ரரிக்கும் அங்க முதல்ல தேடும், ப்ராஜெக்ட் தன்னோட மினிமம் சிமேக் வெர்ஷன் 3.12ன்னோ அதுக்கு மேலயோ சொல்லிருக்கணும், அவ்வளவுதான்.

பில்ட் ஆச்சு, ஆனா எது கூட

ஃபவுண்ட் வரி சரியா வந்தும் சில பழைய ப்ராஜெக்ட்ல சிமேக்லிஸ்ட்ஸ்ல யாரோ ஒருத்தர் எப்பவோ /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஓப்பன்சிவி4ன்னு கையால எழுதி வச்சிருப்பாங்க. அப்ப ஹெட்டர் பழசுலேந்து வரும், லைப்ரரி புதுசுலேந்து வரும். அதிர்ஷ்டம் இருந்தா லிங்க் பண்றப்பவே அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்னு நிக்கும். இல்லன்னா ஓடிட்டு இருக்கும்போது சம்பந்தமே இல்லாத எடத்துல க்ராஷ் ஆகும், அத டிபக் பண்றது நரகம். சிமேக் --பில்ட் பில்ட் --வெர்போஸ்னு ஓட்டுனா கம்பைலருக்கு போற முழு கமாண்டும் தெரியும், அதுல இன்க்ளூட் பாத் எல்லாத்தையும் ஒரு தடவை கண்ணோட்டுங்க. கையால எழுதுன பாத் இருந்தா எடுத்துட்டு ஓப்பன்சிவி_லிப்ஸ் வேரியபிளோட லிங்க் பண்ணுங்க.

என்கிட்ட ஒரு சின்ன பழக்கம் இருக்கு, மெயின் ஃபங்ஷன் ஆரம்பத்துல ரெண்டே வரி. ஒண்ணு சிவி_வெர்ஷன்ங்கிற மேக்ரோவ ப்ரிண்ட் பண்ணும், இது கம்பைல் ஆகுறப்ப இருந்த ஹெட்டரோட வெர்ஷன். இன்னொண்ணு சிவி நேம்ஸ்பேஸ்ல இருக்குற கெட்வெர்ஷன்ஸ்ட்ரிங்ங்கிற ஃபங்ஷன், இது இப்ப ஓடுற நேரத்துல லோட் ஆன லைப்ரரியோட வெர்ஷன். ரெண்டும் 4.10.0ன்னு வந்தா நிம்மதி. வேற வேற நம்பர் வந்தா மூணு பேர்ல யாரோ வேற எடத்துல தேடிருக்காங்கன்னு அர்த்தம், வேற எதையும் பாக்காம அதைத்தான் முதல்ல சரி பண்ணணும்.

கடைசி ஆள், லோடர்

பில்ட் ஃபோல்டர்லேந்து ஓட்டுனா பிரச்சனை வராது, ஏன்னா சிமேக் லிங்க் பண்ண லைப்ரரியோட பாத்த அந்த பைனரிக்குள்ளயே ஆர்பாத்தா எழுதி வச்சிருக்கும். இன்ஸ்டால் பண்றப்ப அதை அழிச்சிடும். அதனாலதான் பில்ட் ஃபோல்டர்ல ஓடுனது இன்ஸ்டால் பண்ணதும் லிப்ஓப்பன்சிவி_கோர்.எஸ்ஓ.410 திறக்க முடியல, அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு சாகுது. ஃபைல் இருக்கு, எங்க இருக்குன்னுதான் லோடருக்கு தெரியல. ப்ரோக்ராம் எந்த லைப்ரரிய எங்கேந்து எடுக்குதுன்னு காட்டுற எல்டிடி போட்டு பாருங்க:

எல்டிடி ./ஆப் | கிரெப் ஓப்பன்சிவி

நாட் ஃபவுண்டுன்னு வந்தா பாத் இல்ல. 410ன்னு முடியிற ஃபைல் உங்க ஃபோல்டர்லேந்து வந்தா சரி. 406ன்னு முடிஞ்சா நீங்க இன்னும் ஏபிடியோட 4.6கூடதான் லிங்க் ஆகிருக்கீங்க, கான்ஃபிகர் படிக்கு திரும்ப போகணும்.

இதுக்கு நான் பண்றது -டி சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத்_யூஸ்_லிங்க்_பாத்=ஆன். லிங்க் பண்ண பாத்த இன்ஸ்டால் ஆனதுக்கு அப்புறமும் பைனரிக்குள்ள விட்டு வைக்கும். வேற மெஷினுக்கு குடுக்குறதா இருந்தா உங்க ஹோம் ஃபோல்டர் பாத் அங்க இருக்காது, அதனால எஸ்ஓ ஃபைல்கள பக்கத்துலயே ஒரு லிப் ஃபோல்டர்ல போட்டு சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத்துக்கு '$ஆரிஜின்/../லிப்'னு குடுங்க. ஆரிஜின் கேப்பிடல், சிங்கிள் கோட்ஸ் கண்டிப்பா வேணும், டபுள் கோட்ஸ் போட்டா ஷெல் அதை காலியாக்கிடும். சரியா எழுதிருக்கான்னு ரீட்எல்ஃப் மைனஸ் டி போட்டு, இந்த டி சின்னது, ரன்பாத் வரிய பாத்துக்கலாம்.

லோடர் எங்க தேடணும்னு சொல்ற எல்டி_லைப்ரரி_பாத்ங்கிற வேரியபிள பத்தி எல்லாரும் சொல்லுவாங்க. ஒரு தடவை டெஸ்ட் பண்ண, அந்த ஒரு கமாண்டுக்கு முன்னாடி போட்டுக்கங்க, தப்பில்ல. பேஷ்ஆர்சி ஃபைல்ல நிரந்தரமா எழுதாதீங்க ப்ளீஸ். அந்த டெர்மினல்லேந்து தொடங்குற ஒவ்வொரு ப்ரோக்ராமும் முதல்ல உங்க ஃபோல்டர்லதான் தேடும், ஆறு மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாத ஒரு ப்ரோக்ராம் உடையிறப்ப இந்த வரி உங்களுக்கு ஞாபகமே இருக்காது.

லிங்க் பண்றப்ப இன்னொரு வார்னிங் வரலாம், எஸ்ஓ.406 இன்னொரு லைப்ரரிக்கு வேணும், அது எஸ்ஓ.410 கூட மோதலாம்னு. ராஸ்ங்கிற ரோபோ சாஃப்ட்வேர யூஸ் பண்றவங்களுக்கு, அதையும் ஓப்பன்சிவியையும் இணைக்கிற சிவி_ப்ரிட்ஜால இது அடிக்கடி வரும், ஏன்னா ஏபிடில வர்ற சிவி_ப்ரிட்ஜ் சிஸ்டம் ஓப்பன்சிவி கூட பில்ட் ஆனது. வார்னிங்தானேன்னு விட்டா ஒரே ப்ராசஸ்குள்ள ரெண்டு ஓப்பன்சிவி லோட் ஆகும், ஒண்ணு உருவாக்குன மேட்ரிக்ஸ இன்னொண்ணு தொடும், அப்புறம் எங்க உடையும்னு யாரும் சொல்ல முடியாது. அந்த சிவி_ப்ரிட்ஜயும் சோர்ஸ்லேந்து அதே 4.10 கூட பில்ட் பண்ணணும், இல்ல சிஸ்டம் வெர்ஷனோடவே இருந்துக்கணும்.

சிமேக் இல்லாத ப்ராஜெக்ட், கான்ஃபிகர் ஸ்க்ரிப்டோ மெசானோ, பெரும்பாலும் லைப்ரரி எங்க இருக்குன்னு பிகேஜி-கான்ஃபிக்ங்கிற டூல்கிட்டதான் கேக்கும். பிகேஜி_கான்ஃபிக்_பாத்த எக்ஸ்போர்ட் பண்ணி லிப்/பிகேஜிகான்ஃபிக் ஃபோல்டர காட்டுங்க, இங்க மேல் ஃபோல்டர் இல்ல, அந்த உள் ஃபோல்டரேதான். ஆனா பிகேஜி-கான்ஃபிக் படிக்கிற ஃபைல ஓப்பன்சிவி 4 தானா உருவாக்காது, லைப்ரரி பில்ட் பண்றப்பவே ஓப்பன்சிவி_ஜெனரேட்_பிகேஜிகான்ஃபிக்=ஆன் குடுத்துருக்கணும், இந்த பேரும் முழுக்க கேப்பிடல்தான். குடுக்கலன்னா அந்த ஃபைல் அங்க இருக்காது, அதுக்காக லைப்ரரிய மறுபடி கான்ஃபிகர் பண்ணி இன்ஸ்டால் பண்ண வேண்டி வரும். ஏற்கனவே பில்ட் ஃபோல்டர அழிக்காம வச்சிருந்தா ரொம்ப நேரம் எடுக்காது.

இவ்வளவு நீள கமாண்ட தெனம் அடிக்க வேணாம். சிமேக்யூசர்ப்ரீசெட்ஸ்.ஜேசான்னு ஒரு ஃபைல் ப்ராஜெக்ட் ரூட்ல வச்சு ப்ரிஃபிக்ஸ் பாத், ஆர்பாத் ஆப்ஷன் எல்லாத்தையும் ஒரு பேர் குடுத்து எழுதிட்டா --ப்ரீசெட் போட்டு அந்த பேர சொன்னா போதும். 3.19லேந்து இருக்கு. உங்க மெஷினோட பாத் சிமேக்லிஸ்ட்ஸ்ல ஏறவே கூடாது, இந்த யூசர் ஃபைலோட இருக்கணும், இதை கிட்இக்னோர்லயும் சேத்துடுங்க, கூட வேலை பாக்குறவங்க அவங்கவங்க ஃபோல்டர அவங்கவங்க ஃபைல்ல எழுதிப்பாங்க.